வந்திருந்தோர் பட்டியலில் காவேரி

பாலாறு வட்டாரக் கபடிக் கழகத்தின் நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒன்பதாவது ஆள் காவேரி. அவள் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ஆனால் கூட்டத்துக்கு அவளைப்போல ஒழுங்காக வந்தவர் அந்தக் குழுவில் யாருமில்லை. ஒன்பது வருஷமாக ஒரு கூட்டம் விடாமல் அவள் வந்திருந்ததாக நோட்டில் எழுதியிருந்தது. தீர்மானங்களை வழிமொழிந்திருந்தாள். ஒருமுறை தலைவருக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தாள்.

இந்தச் சங்கதி எஸ்தருக்குத் தெரியவந்தது கார்த்திகை மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், வடகறி கிண்டிக்கொண்டிருந்தபோது.

செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் அவள் தள்ளுவண்டிக் கடை போட்டு ஏழு வருஷம். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்கள் ஐந்தேகாலிலிருந்து வரிசையாக வரும். ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் நின்றபடியே நாலு இட்லியை வடகறியில் முக்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஓடுவார்கள். அன்றைக்குத் தூறல். பாலாற்றில் அந்த வருஷம் தண்ணீர் வந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வீசின காற்று உடம்பைச் சில்லிட வைத்தது. படுதாவை இழுத்துக் கட்டிவிட்டு அவள் வடையை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பரசுராமன் மாஸ்டரின் மொபெட் வந்து நின்றது.

பரசுராமன்தான் கழகத்தின் செயலாளர். இருபத்தைந்து வருஷமாக அவரேதான். பிழைப்புக்குப் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். அரக்கும் மயில்கழுத்து நீலமும் விரல் இடுக்கெல்லாம் ஊறிக்கிடக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் குடித்து வைத்த டீ கிளாஸைக் கையடையாளம் பார்த்தே சொல்லிவிடலாம். சாயப்பட்டறைக்குப் போவதற்கு முன் தினமும் மைதானத்துக்கு வந்து கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, பிள்ளைகளை ஓடவிடுவார். எஸ்தருக்கு ஒருகாலத்தில் அவர்தான் மாஸ்டர். இப்போது அவள் மகள் திரிஷாவுக்கும் அவர்தான். அவரைக் கெட்ட மனுஷர் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. அதுதான் இதில் பெரிய தொல்லை.

"இன்னா மாஸ்டர், கிரவுண்டுக்குப் போவலியா?"

"எங்க போறது? மொத்தமும் சேறாக் கெடக்குது. ரெண்டு இட்லி வையி மா."

வைத்தாள். அவர் தின்னவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"திரிஷா பேரு லிஸ்ட்ல இருக்குது."

எஸ்தர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. தை மாசத்து மாநில ஜூனியர் போட்டிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். அதில் பேர் வந்தால் சர்ட்டிபிகேட் வரும். சர்ட்டிபிகேட் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இரண்டு வருஷமாக அந்த ஒரு இடத்துக்காகத்தான் விடிகாலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரம்! வாய்ல சக்கரதான் போடணும் மாஸ்டர் உங்களுக்கு!"

"இரு மா. முழுசாக் கேளு." அவர் சட்டைக்குள்ளிருந்து பாலிதீன் பையில் சுற்றிய ஒரு நீள நோட்டை எடுத்தார். "சனிக்கிழம மாநிலச் சங்கத்துலேந்து ஒருத்தர் வர்றாரு. பார்வையாளர். நம்ம குழுவுல மூணு லேடிஸ் இருக்காங்களான்னு நேர்ல பாக்கணுமாம். ஒன்பது பேர்ல மூணு பேரு லேடிஸ். அதுல ஒருத்தர் மாநில அளவுல ஆடினவங்களா இருக்கணும். அதான் ரூல். இல்லேன்னா நம்ம அங்கீகாரம் ரத்து. டீமு போவ முடியாது."

"யாரு அந்த மூணு பேரு?"

"தலைவரு சம்சாரம் விஜயா அம்மா. நம்ம வூட்ல ஒண்ணு. அப்பால..." அவர் தூறலைப் பார்த்தார். "காவேரி."

"எந்தக் காவேரி?"

"நம்ம காவேரிதான் மா."

ஒரு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எஸ்தருக்கு அது காதில் விழவில்லை.

"ரூல் வந்தப்ப ஃபைல்ல அவ ஃபாரம்தான் இருந்துது. போட்டோ, சர்ட்டிபிகேட் நம்பரு எல்லாம் ரெடியா இருந்துது. அனுப்பிட்டேன். அப்பால வருஷா வருஷம் அதுவே போய்க்கினு இருக்குது. இப்ப வந்து நிக்குது வினை." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒரு நாளு, ஒரு மணி நேரம், காவேரியா வந்து உக்காரணும். போட்டோ மங்கிப்போச்சு. அந்த வயசுல நீங்க ரெண்டு பேரும் ஒரே ஜாடைதான்."

"என்கிட்டயும் சர்ட்டிபிகேட் இருந்துதே மாஸ்டர். அதே டீமு, அதே வருஷம். ஏன் என் பேரப் போடல?"

பரசுராமன் ஒளிக்காமல் சொன்னார். "நீ வந்து பேசுவியே மா."

அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி ஒரு சாதாரண ஏற்பாடாகத்தான் அது அவருக்குப் பட்டிருக்கிறது.

நோட்டை வண்டியின் ஓரத்தில் பிரித்து வைத்தார். காவேரியின் கையெழுத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டுமாம். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் "வந்திருந்தோர்" என்று தலைப்பு, கீழே ஒன்பது பேர். காவேரி பேருக்கு எதிரே கையெழுத்து. போட்டது பரசுராமன்தான் என்பதற்குச் சாட்சியே வேண்டாம். ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் அவர் விரலின் அரக்குக் கறை ஒட்டியிருந்தது.

கடைசி மூன்று பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு கறை கிடையாது. அந்த மூன்றிலும் காவேரியின் கையெழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி.

எஸ்தருக்கு அந்தப் புள்ளி தெரியும். காவேரி ரெய்டு போவதற்கு முன் நடுக்கோட்டுப் பக்கத்தில் கால் கட்டைவிரலால் மண்ணில் ஒரு புள்ளி வைப்பாள். குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கபடி பாடிப் போவாள். கையெழுத்துப் போட்டாலும் அடியில் அந்தப் புள்ளி இருக்கும். அது ஏன் என்று எஸ்தர் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். திரும்பி வர வேண்டிய இடத்துக்கு அடையாளம் வேண்டாமா என்றாள்.

"இந்தப் புள்ளி யாரு மாஸ்டர் வச்சது?"

பரசுராமன் பிட்டுப்போட்ட இட்லியைத் தட்டோடு தொட்டியில் கவிழ்த்தார்.

"அந்த மூணும் நான் போட்டது இல்ல மா. சத்தியமா. கூட்டம் முடிஞ்சு அவ கையெழுத்தப் போடலாம்னு நோட்டத் தொறந்தா, ஏற்கெனவே இருக்குது. வேற எவனாச்சும் போட்டிருப்பான்னு வுட்டுட்டேன்." அவர் மொபெட்டை உதைத்தார். முதல் உதைக்குக் கிளம்பவில்லை. "நீ வருவ இல்ல? திரிஷாவ நெனச்சுக்கோ."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எஸ்தர் கரண்டியாலேயே பதில் சொல்லியிருப்பாள். கெஞ்சிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் புருஷன் டேனியல் வண்டி விட்டு வந்தான். அவன் ஒரு கம்பெனி பஸ் டிரைவர். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே முழுக் கதையையும் கேட்டான்.

"ஒரு மணி நேரம்தானே? உக்காந்துட்டு வா."

"செத்தவ பேர்லங்க."

"பேருதானே? செத்தவளுக்கு எதுக்குப் பேரு? நம்ம பொண்ணு ஆஸ்டலுக்குப் போவட்டும். அதுவும் உன்ன மாதிரி வடகறி கிண்டிக்கினு கெடக்கணுமா?"

"வடகறி கிண்டுறது அவ்ளோ கேவலமாப் போச்சா உங்களுக்கு? மூணு வேளையும் அதத்தான் துன்னுறீங்க."

"அய்யோ, நான் அதச் சொல்லல தாயே. பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிக்கினு இருக்காத."

அவன் கைகழுவப் போனான். எஸ்தர் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள்.

காவேரி எப்படிச் செத்தாள் என்பதை அவள் டேனியலிடமும் முழுசாகச் சொன்னதில்லை. தெற்கே ஒரு ஊரில் மூன்று நாள் போட்டி. பதின்மூன்று பெண் பிள்ளைகள், கூடப் போனது பரசுராமனும் இன்னொரு ஆம்பளையும். கல்யாண மண்டபத்தில் தங்கல். இரண்டாம் நாள் சாயங்காலம் காவேரிக்கு வலது பக்க அடிவயிற்றில் வலி எடுத்தது. எஸ்தர் போய் மாஸ்டரிடம் சொன்னாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "மாசா மாசம் வர்றதுதானே மா, இதெல்லாமா என்கிட்ட சொல்லுவாங்க" என்றார். பாவம், அவருக்குத்தான் கூச்சம். ஆனாலும் சும்மா இருக்கவில்லை, கடைகடையாக ஏறி ஓமத் தண்ணி வாங்கி வந்து கொடுத்தார்.

காவேரி அதைக் குடித்துவிட்டுப் பாயில் சுருண்டு கிடந்தாள். "இது அது இல்லடி. வேற வலி. யார்கிட்டடி சொல்றது?" என்று கேட்டாள்.

எஸ்தர் இன்னொரு முறை போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. இருபத்தோரு வயசு. அந்த வார்த்தையை ஒரு ஆம்பளையிடம் மறுபடியும் சொல்ல நாக்கு வரவில்லை. மறுநாள் இறுதிப் போட்டியில் காவேரி புள்ளி வைத்தாள், பாடிப் போனாள், மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்து கோட்டிலேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. குடல்வால் முந்தின நாளே வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொழுது விடிவதற்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் காவேரி பேரை எழுதிப் பார்த்தாள். நாலைந்து தடவை எழுதினாள். ஒவ்வொன்றின் கீழும் புள்ளி இருந்தது. வைத்த ஞாபகம் இல்லை. தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

திரிஷா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். பை ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம்.

"மா! மாஸ்டர் ஜெர்சி சைஸ் கேட்டாரு மா! கன்ஃபார்ம் ஆயிடுச்சு! ஷாரோன் பேரு கூட வரல, என் பேரு வந்துட்டுச்சு!" கழுத்தைக் கட்டிக்கொண்டவள் மூக்கைச் சுருக்கினாள். "மா, ஓமப்பொடி சுட்டியா? வாசன வருது."

"இல்லியே."

"வருது மா. ஓம வாசன."

வீட்டில் ஓமமே கிடையாது. பதினாறு வருஷமாக எஸ்தர் ஓமம் வாங்கியதில்லை.

"யாரு வூட்லியாச்சும் சுடுவாங்க. போய் மூஞ்சி கழுவு" என்றாள். ஆனால் அவளுக்கும் வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமையும் மழை விடவில்லை. கூட்டம் பகல் பதினோரு மணிக்கு, திருப்பருத்திக்குன்றத்தில். கழகத் தலைவர் விமலநாதன் அந்த ஊர்ச் சமணர், நெல் வியாபாரம். அவருடைய பழைய கிடங்கின் மாடி அறைதான் கழகத்து ஆபீஸ். கீழே தவிட்டு வாசனை. சமணர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், அதனால் அங்கே எந்தக் கூட்டமும் வெயில் இருக்கும்போதே முடிந்துவிடும். அன்றைக்கு வெயில் எங்கே இருந்தது? பட்டப்பகலில் ட்யூப் லைட் போட்டிருந்தார்கள்.

"வாங்கம்மா எஸ்..." என்று வாயெடுத்த விமலநாதன் "காவேரி" என்று முடித்தார். நல்ல மனுஷர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னதும் காதைத் தடவிக்கொண்டார்.

ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி. மழைக்காலமென்று இரண்டு மாசமாக யாரும் மேலே வராததால் எல்லாவற்றிலும் தவிட்டுத் தூசி படிந்திருந்தது. ஆளாளுக்குத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். ஜன்னல் ஓரத்துக் கடைசி நாற்காலியைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. தூசியே இல்லை.

"இத யாரு தொடச்சது?" என்று எஸ்தர் கேட்டாள்.

யாரும் துடைக்கவில்லை. "உக்காரு மா, உக்காரு" என்றார் பரசுராமன்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒருத்தர் எழுந்து போனதுபோல.

அவளுக்குக் கபடிக் களம் ஞாபகம் வந்தது. அவுட் ஆனவள் வீட்டுக்குப் போய்விட முடியாது. கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். தன் பக்கத்து ஆள் ஒரு பாயின்ட் எடுத்தால்தான் எழுந்து உள்ளே வரலாம். அது வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பேசக்கூடாது.

பக்கத்து நாற்காலியில் விஜயா அம்மா. தலைவருடைய சம்சாரம், அறுபது வயசு. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எஸ்தர் பக்கம் சாய்ந்தார்.

"நான் இன்னிக்குத்தான் மொத தடவயா மாடி ஏறுறேன். நீங்களுமா?" என்றார் மெதுவாக.

அதற்கு அடுத்த நாற்காலியில் பரசுராமனின் சம்சாரம். அந்தம்மாவும் சுவரில் மாட்டியிருந்த கோப்பைகளையும் போட்டோக்களையும் ஊருக்குப் புதுசாக வந்தவரைப்போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் ராஜகோபால் மழைக்கோட்டைக் கழற்றி உதறினார். மூக்குக் கண்ணாடி போட்ட சாதுவான ஆள். தண்ணீர் வாங்கிக் குடித்தார், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார், கொண்டுவந்த ஃபைலைப் பிரித்தார்.

"மொதல்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அன்றைய தேதி போட்டு ஒன்பது பேரின் பெயரையும் எழுதிவைத்திருந்த பக்கம் விமலநாதனிடமிருந்து கிளம்பியது. ஆம்பளைகள் ஆறு பேரும் போட்டார்கள். பரசுராமனின் சம்சாரம் நிதானமாக எழுத்துக் கூட்டிப் போட்டார். விஜயா அம்மா போட்டார். நோட்டும் பேனாவும் எஸ்தர் மடிக்கு வந்தன.

காவேரி பேருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. அடியில் புள்ளி.

எஸ்தர் விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டாள். மை விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.

"போட்டுட்டீங்களாம்மா? குடுங்க." ராஜகோபால் கை நீட்டி வாங்கிக்கொண்டார். எட்டிப் பார்த்த பரசுராமனின் முகம் செத்துவிட்டது. அவருக்கும் எஸ்தருக்கும் கண்ணும் கண்ணும் சந்தித்தன. நான் இல்லை என்பதுபோல அவர் தலையை ஆட்டினார். எஸ்தரும் ஆட்டினாள். நானும் இல்லை.

அறைக்குள் ஓம வாசனை ஏறியது. தவிட்டு வாசனையை அமுக்கிக்கொண்டு வந்தது. விஜயா அம்மா முந்தானையால் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"காவேரியம்மா," என்று ராஜகோபால் ஃபைலிலிருந்து தலை தூக்கினார். "நீங்க ஆடினவங்க, அதனால உங்களத்தான் கேக்கணும். பொண்ணுங்க டீம் வெளியூர் போகும்போது லேடி மேனேஜர் கூடப் போகணும். ஒன்பது வருஷமும் உங்க பேருதான் இங்க இருக்கு. நீங்கதான் போறீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று பரசுராமன் முன்னாலேயே சொல்லியிருந்தார். பதிலும் சொல்லிக்கொடுத்திருந்தார். நான்தான் சார் போறேன், அவ்வளவுதான். மூன்று வார்த்தை சொல்லிவிட்டால் திரிஷா போகலாம். எஸ்தருக்கு மகளின் முகம்தான் கண்முன் நின்றது. கர்த்தரே, சொல்லித் தொலைக்கிறேன் என்று வாயைத் திறந்தாள்.

வலது பக்க அடிவயிற்றில் யாரோ கத்தியை வைத்துத் திருகினதுபோல வலி. மூச்சு நின்றது. களத்தில் பாடிப் பாடிக் கம்மிப்போன ஒரு குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"நான்தான் சார் போறேன்."

பரசுராமன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும்.

"ஒரு தடவ விடல. வண்டில கடைசி சீட்டுல உக்காந்துக்கினு போறேன். மண்டபத்துல அதுங்க கூடவே படுத்துக்குறேன். எந்தப் பொண்ணுக்கு வயித்த வலிக்குது, எவ வெளிய போவ பயந்துக்கினு தண்ணி குடிக்காம கெடக்குறா, எல்லாம் எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சு இன்னா பண்றது? யார்கிட்ட சொல்றது? நான் செத்துப் பதினாறு வருஷம் ஆவுது."

 ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா நீங்க?"

எஸ்தர் தன் பேரைச் சொல்லப் பார்த்தாள். வரவில்லை. தேடினாள், பேர் எங்கோ தள்ளி நின்றது. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. அப்போது விஜயா அம்மா எழுந்து அவள் தோளைப் பிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வலி பட்டென்று விட்டது.

"இவங்க பேரு எஸ்தர். செவிலிமேட்ல கடை வச்சிருக்காங்க" என்றார் விஜயா அம்மா. புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "காவேரின்ற பொண்ணு செத்துப்போச்சு. சரி, அது வர முடியாது. உயிரோட இருக்கிற நான் இன்னாத்த வந்தேன்? ஒன்பது வருஷமா என் பேரும் அந்த நோட்ல வந்துக்கினுதான் இருக்குது. எனக்கு இந்த ரூமுக்கு எத்தன ஜன்னல்னு கூடத் தெரியாது சார்."

பரசுராமனின் சம்சாரம் கையை மட்டும் தூக்கினார். "நானும்தாங்க" என்றார்.

பரசுராமன் எழுந்து நின்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சாயக் கறை படிந்த இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"ஓமத் தண்ணி வாங்கிக் குடுத்தேன் சார். அந்த ஊர்ல பத்து கடை ஏறி இறங்கினேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்." அவர் காலியாகக் கிடந்த கடைசி நாற்காலியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். எஸ்தரைப் பார்த்து இல்லை.

ராஜகோபால் நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். நிஜமான குழு அமையும் வரைக்கும் அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்படும், இந்த வருஷம் டீம் போகாது என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டை மாட்டினார். படி இறங்குமுன் எஸ்தரிடம் நின்றார். புதுக் குழுவுக்கு மாநிலச் சங்கத்திலிருந்து விண்ணப்பப் படிவம் அனுப்புவார்களாம். உங்கள் சொந்தப் பேரில் போடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. கூட ஆடுகிற ஷாரோன் போனில் சொல்லிவிட்டாளாம். திரிஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டேனியல் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "துன்ன மாட்டேன்னுது. நீயாச்சு, உன் பொண்ணாச்சு" என்றுவிட்டு வண்டி கழுவப் போனான்.

எஸ்தர் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னாலதான் என் பேரு போச்சு" என்றாள் திரிஷா திரும்பாமலே. "ஒரு பொய்யி. ஒரே ஒரு பொய்யி சொன்னா இன்னா மா? எல்லா அம்மாவும் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"ரெண்டு வருஷம் மா. மழைல, பனில, ஜுரத்துலகூட ஓடினேன்."

"தெரியும் டி."

பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. எஸ்தருக்குத் தன் கையாலேயே மகள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்றுதான் இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. வேறு வழி தெரியாமல் காவேரி கதையைச் சொன்னாள். புள்ளி வைப்பதிலிருந்து ஆரம்பித்து, மண்டபத்துப் பாய், ஓமத் தண்ணி, கோட்டில் வந்து உட்கார்ந்தது வரை எதையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் திரிஷாவின் தேம்பல் நின்றது. கடைசியில் புரண்டு அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏம்மா ரெண்டாவது தடவ போய்ச் சொல்லல?"

பதினாறு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இன்னிக்குத்தான் சொன்னேன்" என்றாள் எஸ்தர்.

 வெளியே மழை விட்டிருந்தது. டேனியல் பைப்பை மூடுகிற சத்தம் கேட்டது. எஸ்தர் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தாள். முதல் உருண்டைக்குப் பிள்ளை வாய் திறக்கவில்லை. இரண்டாவதுக்குத் திறந்தது.

"அடுத்த வருஷம் டீமு போனா கூட யாரு வருவா?"

"நான்."

"பேப்பர்லயா?"

"வண்டில."

திரிஷா மென்று விழுங்கினாள். யோசித்துவிட்டுச் சொன்னாள். "அப்ப நீ கடைசி சீட்டுல உக்காந்துக்கோ. அங்கேந்து பாத்தாதான் எல்லாரும் தெரிவோம்."

எஸ்தர் அடுத்த உருண்டையை உருட்டினாள்.

"அதுக்கு முன்னாடி சீட்டுல உக்காந்துக்குறேன்" என்றாள். "கடைசி சீட்டுல ஆள் இருக்குது."